மதியம் இரண்டு மணி ஏரி

பாட்டிலுக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்தது.

பால் திரிந்தால் வருமே, அந்த மாதிரி திப்பி திப்பியாக. பாட்டிலைக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன், மறுபடி கவிழ்த்தேன். வெள்ளைதான்.

அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. முழங்கால் வரை ஏரித் தண்ணீரில் நின்றிருந்தேன். அடியில் இருந்த சேறு என் ரப்பர் செருப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பார்த்தது. தூரத்தில் திருநீர்மலைக் குன்று இடுப்புக்கு மேலே மேகத்துக்குள் போயிருந்தது.

கரையில் நின்ற ஜெசி கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே கேட்டாள்.

“என்னடி?”

“வெள்ளையா வருது.”

“வந்தா வரட்டுமே.”

“வரக் கூடாதுடி! பழுப்பா வரணும். பத்து மாசமா பழுப்பாத்தான் வந்திருக்கு.”

“அப்ப மருந்து கெட்டுப்போயிருக்கும். கத்தாத, நாமக்கோழி பறந்துடும்” என்றாள். நாமக்கோழிகளை எண்ணுவது அவள் வேலை. தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. இருவரும் ஒரே வகுப்பு, எம்.எஸ்சி. விலங்கியல்.

சின்ன பாட்டிலில் தெரிந்த வெள்ளைக்காக அந்த நேரத்தில் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஏன் என்று புரிய, நீங்கள் என்னோடு கொஞ்சம் பின்னால் வர வேண்டும்.

பழுப்பு என்றால் பாஸ்

எந்த ஏரி என்று எழுதப் போவதில்லை. தாம்பரத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் வாசனை என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியதற்கே, “எங்கள் பிளாட்டின் விலையைக் குறைக்கப் பார்க்கிறீர்களா?” என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, வாசனை உங்கள் பிளாட்டிலிருந்துதான் வந்தது. அதையும் எழுதினால் இன்னொரு கடிதம் வரும்.

மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். அவற்றின் கழிவுநீர் கறுப்புக் குழாய்கள் வழியாகச் சத்தமில்லாமல் ஏரிக்குள் இறங்கும். சித்திரை வெயிலிலும் ஏரி வற்றாது. ஏன் வற்றவில்லை என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தண்ணீர் பச்சையென்றால் அப்படியொரு பச்சை. கையை விட்டு எடுத்தால் மருதாணி இலையை அரைத்த கை மாதிரி இருக்கும்.

அந்த ஏரி ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. அதற்கு முதல் வேலை, தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்ப்பது.

முறை எளிது. கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்ப வேண்டும். அங்கேயே இரண்டு மருந்துகளை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். நிறைய இருந்தால் கரும்பழுப்பு. இல்லவே இல்லையென்றால் வெள்ளை. பிறகு அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அமிலம் விட்டுக் கரைத்து, சொட்டுச் சொட்டாக இன்னொரு மருந்தை விட்டு அளந்தால் ஒரு எண் கிடைக்கும். ஐந்து வந்தால் மீன் வாழப் போதும்.

எங்களுக்கு முதல் நாளே பில்டர் டிகாக்‌ஷன் மாதிரி கரும்பழுப்பு. எண், பதினொன்று.

மூக்கு ஒன்று சொன்னது, பாட்டில் இன்னொன்று சொன்னது. நாங்கள் படித்தவர்கள் இல்லையா? பாட்டிலை நம்பினோம்.

இந்த வியாதி பள்ளியிலேயே பிடித்தது என்று நினைக்கிறேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் உப்பு ஆய்வு என்று ஒன்று வரும். கையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நாங்கள் கண்டுபிடித்ததே இல்லை. ஆய்வுக்கூட உதவியாளர் பக்கத்தில் நடந்துபோகும்போது பெயரை முணுமுணுத்துவிட்டுப் போவார். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி எல்லாச் சோதனைகளையும் எழுதி, முழு மதிப்பெண்ணோடு வெளியே வருவோம். நல்ல விடை வந்தால் அதைக் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு யாரும் கொடுக்கவும் இல்லை, நானாக வாங்கிக்கொள்ளவும் இல்லை.

தனபால் அண்ணனின் சாவி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அந்தக் கண்ணாடி பாட்டில்கள் ஒரே ஒரு பெட்டிதான். அதன் சாவி உதவியாளர் தனபால் அண்ணனின் இடுப்பில். காலையில் இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. அது முடிந்து, அண்ணன் சாப்பிட்டு, ஏலக்காயை மென்றபடி வந்து பூட்டைத் திறக்கும்போது ஒன்றரை ஆகிவிடும். நாலரைக்குள் பாட்டில்கள் கழுவித் துடைத்துத் திரும்ப வர வேண்டும்.

ஒருமுறை கேட்டேன்.

“அண்ணா, ஒரு நாள் காலைல எடுத்துக்கிறோமே? ஜெசி காலைலதான் பறவை பாக்கப் போறா. கூடவே நானும் போயிடுவேன்.”

“இன்னாத்துக்கு? காலைல ஒரு தண்ணி, மத்தியானம் ஒரு தண்ணியா ஊறுது அங்க? ஒரே ஏரிதான?”

“ஒரே ஏரிதான்.”

“அப்ப ரெண்டு மணி தண்ணிய எட்து பாரு, போதும். பாட்டில் ஒடஞ்சா எச்.ஓ.டி. எங்கழுத்ததான் புடிப்பாரு, உங்கழுத்த இல்ல.”

அவர் சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. முதுகலை படிக்கிற எனக்கே தெரியவில்லை, அவரைச் சொல்லி என்ன?

புதன்கிழமைதோறும் ஷேர் ஆட்டோவில் மடியில் பெட்டியோடு போவேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நின்றால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிப் பிடிப்பேன். தீபாவளிக்கு முந்தைய புதன்கிழமை எங்கள் பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டேன். பக்கத்து சீட் அம்மா, “என்னம்மா அது, மாத்திரையா, மருந்தா?” என்று கேட்டார். “ஏரித் தண்ணிங்க” என்றதும் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த இடம்தான்.

எப்போதும் இரண்டு மணி. அதனால் நோட்டில் ‘நேரம்’ என்ற கட்டத்தை நாலாவது வாரத்திலேயே நிரப்புவதை விட்டுவிட்டேன்.

கபூர் பாய்க்கு ஒரு நல்ல சேதி

முதல் நாள் ஜெசியும் கூட வந்திருந்தாள். தண்ணீரில் இறங்கியபோதே கரையில் தொழுகைத் தொப்பியோடு நின்ற ஒருவரின் குரல்.

“ஏய், யாரும்மா அது? மீனு புடிக்கிறியா?”

“தண்ணி புடிக்கிறோம் பாய்.”

“தண்ணியா? வூட்டுல கொழாய்ல வர்லியா?”

கபூர் பாய் அப்படித்தான் அறிமுகம். தாம்பரத்தில் பிளைவுட் கடை வைத்திருந்தார். ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையை அந்த வருஷம்தான் முதல் முறையாக எடுத்திருந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தே என்ன மரம் என்று சொல்லிவிடுவார். மீன் அவருக்குப் புதிது. எங்களுக்கும் ஆராய்ச்சி புதிது. மூவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

இரண்டாவது வாரம் கேட்டார்: “இதுல மீன்குஞ்சு வுடலாமாம்மா? படிச்ச பொண்ணு, நீயே சொல்லு.”

நான் நோட்டில் முந்தைய வார எண்ணைப் பார்த்தேன். பதினொன்று.

“தாராளமா விடுங்க பாய்.”

இந்த மூன்று வார்த்தையை நான் எப்படியெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

அவர் கட்லா குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் கடையிலிருந்து வண்டியில் வந்து, கரையில் காலை ஊன்றி நின்றுகொண்டு, “இன்னாம்மா, நம்பர் எவ்ளோ?” என்பார். முந்தைய வார எண்ணைச் சொல்வேன். பத்து, பதினொன்று, ஒருமுறை பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்துவிடும்.

ஆடி மாதமோ ஆவணியோ, ஒரு நாள் இன்னொன்றும் சொன்னார்.

“காலைல ஃபஜர் தொழுதுட்டு இப்டி வந்தேம்மா. மீனு அல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. எனக்கு சலாம் சொல்ற மாதிரியே கீது. அவ்ளோ குஷி அதுங்களுக்கு!”

நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை, நோட்டை எடுத்து, “மீன்கள் காலையில் மிகவும் சுறுசுறுப்பாக உள்ளன (குத்தகைதாரர் தகவல்)” என்று எழுதினேன். அடிக்கோடு வேறு. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லும் நாளில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

கண்ணாடிக் கதவுப் பலகை

ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நாங்கள் சார் என்போம். அவருக்கும் எண் எட்டிவிட்டது. நடைபாதையில் சங்கத்தின் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு, கண்ணாடிக் கதவு, பூட்டு எல்லாம் போட்டு. அதில் ஒரு நாள் கணினி அச்சில் வந்தது: “நமது ஏரி நீரின் தரம்: மிக நன்று. கரைந்த ஆக்சிஜன்: 11.” கீழே கல்லூரி ஆய்வு என்று போட்டு, என் பெயர்.

அச்சில் என் பெயரை நான் அதுவரை ஹால் டிக்கெட்டில்தான் பார்த்திருந்தேன். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, “நல்லாருக்குடி. போலாமா?” என்றார்.

கழிவுநீர்க் குழாய்களை அடைக்கச் சொல்லி மனு கொடுக்க இரண்டாவது தெருக்காரர்கள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சார் அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாராம். “சயின்டிஃபிக்கா ப்ரூவ் ஆயிருக்கு சார். எம்.எஸ்சி. பொண்ணு. வேற என்ன வேணும் உங்களுக்கு?” மனு அப்படியே படுத்துவிட்டது. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

மாலை போட்ட மாதம்

கார்த்திகை பிறந்தது. தனபால் அண்ணன் மாலை போட்டு, விரதம் இருந்து, ஒரு மாத லீவில் நடந்தே மலைக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

“வித்யா சாமி, பாட்டில் பத்ரம். ஒடஞ்சா நான் போயி கும்புடற அய்யப்பனால கூட உன்ன காப்பாத்த முடியாது.”

பத்து மாதத்தில் முதல் முறையாகப் பெட்டி என் கையில், எந்த நேரத்துக்கும். மறுநாளே ஜெசியோடு விடியலில் ஏரிக்குப் போனேன். இறங்கினேன், நிரப்பினேன், மருந்து விட்டேன்.

வெள்ளை.

முதலில் தனபால் அண்ணனைத்தான் திட்டினேன், விரதகாரர் என்றும் பார்க்காமல். மருந்து தீர்ந்ததும் தண்ணீர் கலந்து வைத்திருப்பார் என்றேன். ஜெசி கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

“நேத்து மத்தியானம் என்ன வந்துச்சு?”

“பழுப்பு.”

“இதே மருந்துலயா?”

“இதேதான்.”

அவள் பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, காற்று கலக்கும்படி நன்றாகக் குலுக்கி என்னிடம் நீட்டினாள். அதை இன்னொரு கண்ணாடி பாட்டிலில் நிரப்பி மருந்து விட்டேன். அழகான பழுப்பு. மருந்தில் கோளாறு இல்லை.

இருவரும் வெள்ளையையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். அதுவரை பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏரி முழுக்க வாய்கள். கட்லாவுக்கு அகலமான வாய். நூற்றுக்கணக்கில் மேலே வந்து திறந்து மூடின, திறந்து மூடின. நீர்க்காகங்கள் அவசரமே இல்லாமல், காய்கறிக் கடையில் பொறுக்குவது மாதிரி, சின்ன மீன்களாகப் பார்த்து எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தன. அந்த மீன்கள் பாய்க்கு சலாம் சொல்லவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

பகலில் வெயில் பட்டால் தண்ணீரில் இருக்கும் பச்சைப் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துத் தள்ளும். இருட்டியதும் தயாரிப்பு நின்றுவிடும். ஆனால் பாசி, மீன், புழு, சாக்கடைக் கிருமி எல்லாம் மூச்சு விடுவதை நிறுத்தாது. விடியும்போது கையிருப்பு காலி. சாக்கடைதான் பாசிக்கு உரம். அது எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு பச்சை. எவ்வளவு பச்சையோ, மதியத்தில் அவ்வளவு உச்சம், விடியலில் அவ்வளவு பள்ளம்.

இதை நான் அங்கே நின்று கண்டுபிடிக்கவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் படம் போட்டு எழுதியிருக்கிறேன், பென்சிலால் நிழல் கொடுத்து. முழு மதிப்பெண்.

“பத்து மாசம்டி” என்றாள் ஜெசி.

“தெரியும்.”

“நாப்பது ரீடிங்.”

“தெரியும்டி!”

“எல்லாம் ரெண்டு மணிக்கு.”

“ஜெசி, உன்னைத் தண்ணில தள்ளிடுவேன்.”

அவள் வானத்தைப் பார்த்தாள். மூன்று நாளாக மேகமூட்டம். வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு நிலை என்று முதல் நாள் செய்தியில் சொல்லியிருந்தார்கள். வெயில் இல்லையென்றால் பகலில்கூடத் தயாரிப்பு இருக்காது. இன்னும் இரண்டு மூன்று இருட்டுப் பகல்கள் சேர்ந்தாற்போல் வந்தால், ஒரு விடியலில் பாயின் மீன் அத்தனையும் மிதக்கும்.

“போர்டும் நான்தான் பாய்”

ஈரப் பாவாடையோடு நேராகப் பிளைவுட் கடைக்குப் போனேன்.

“பாய், உடனே வலை போடுங்க. மீனை எடுத்துடுங்க.”

“இன்னாம்மா காலங்காத்தால? நம்பர் எவ்ளோ?”

“ஒண்ணு கூட இல்ல.”

“நேத்து வரிக்கும் பதினொண்ணுன்ன. ராத்திரில எவன் வந்து தூக்கினு போய்ட்டான்?”

எவனும் தூக்கவில்லை, தினமும் இப்படித்தான், நான்தான் காலையில் பார்க்கவில்லை என்று பாசி, வெயில், இருட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பிளைவுட் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா. இப்ப கார்த்திக. பாதித் தெரு மாலை போட்டுக்கினு கீது. அடுத்து மார்கழி. இப்ப மீனு எட்தா எவன் வாங்குவான்? பொங்கல் தாண்டித்தான் வலை. அதுக்குள்ள ஒண்ணொண்ணும் ஒரு கிலோ ஏறிடும்.”

“பொங்கல் வரைக்கும் இருக்காது பாய்.”

“போர்டுல பதினொண்ணுன்னு கீது. நான் போர்ட நம்பறதா, உன்ன நம்பறதா?”

“போர்டும் நான்தான் பாய்!”

கடைப் பையன்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அங்கிருந்து செயலாளர் சார் வீடு. பலகையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

“அப்ப பதினொண்ணு தப்பாம்மா?”

“தப்பில்ல சார். மத்தியானத்துக்கு அது சரி. காலைல ஒண்ணுக்கும் கீழ. ரெண்டும் சரி.”

“ரெண்டும் சரின்னா நல்லதையே வெச்சுப்போமே” என்று சொல்லி, காபி வேண்டுமா என்று கேட்டார்.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடமும் போனேன். “கடைசி அத்தியாயத்துல ஒரு பாரா சேத்துடு” என்றார். ஏரியில் மீன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. நான் அதற்கு ஒரு பாரா சேர்க்க வேண்டும்.

மறுநாள் விடியலில் பாயைத் தொழுகை முடிந்த கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணெதிரே மருந்து விட்டேன். திப்பி திப்பியாக வெள்ளை.

“வெள்ளையா கீது. நல்லதுதான?”

தலையில் அடித்துக்கொள்ளக் கையில் இடமில்லை, இரண்டிலும் பாட்டில். “பாய், அந்த மீன் கிட்ட போங்க. சும்மா நடந்து போங்க” என்றேன்.

லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கட்லா, முக்கால் கிலோ இருக்கும், அவர் முழங்காலுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றது. அவர் குனிந்தார். அது விலகவில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். கையில் கிடந்தது, துள்ளவில்லை.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையால புடிக்க வர்ற மீனு இன்னா மீனும்மா?” என்றார். அதைத் தண்ணீரில் விட்டார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். “அலோ, நாளைக்கு வலை வேணும். கார்த்திகைனா இன்னாப்பா? எனக்குத் தெரியும் கார்த்திகைனு. நாளைக்கு வேணும்.”

வளமான ஏரி

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஆறு வலைக்காரர்கள் வந்தார்கள். மழைத் தண்ணீர் நிறைந்த ஏரியில் வலை போடுவது கஷ்டம் என்று பயமுறுத்திக்கொண்டே இறங்கினார்கள். விடியலில் மீன் எல்லாம் மேலேயே நின்றதால் அள்ளிப் போட்டது மாதிரி வந்தன. மினி லாரியில் ஐஸ் உடைத்துப் பரப்பி, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பத் தயாரானது.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். செயலாளர் சார் புது டிஜிட்டல் கேமராவோடு வந்து, குவியலை நாலு பக்கமும் படம் எடுத்தார்.

“பாத்தீங்களா? எவ்ளோ ரிச் லேக்!”

“சார், மூச்சு விட முடியாமதான் இப்படி மாட்டிச்சு!”

“அதெல்லாம் இருக்கட்டும்மா. இந்தக் குவான்டிட்டிய பாரு.”

அன்று மாலையே பலகையில் அந்தப் படம் ஏறிவிட்டது, பதினொன்றுக்குக் கீழே. “மீன் வளம் மிக்க நமது ஏரி.” பூட்டிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பல்லைக் கடித்தேன்.

இதைவிடக் கொடுமை, மறுநாள் வெயில் அடித்தது. அதற்கு மறுநாளும். தாழ்வு நிலை நகராமல் கடலிலேயே நின்றுவிட்டது. பாய் போன் செய்தார்.

“ஏரி சும்மா ஜம்முனு கீதும்மா. ஒரு மீனும் சாவல. கடைல அல்லாரும் என்ன கிண்டல் பண்றாங்கோ, காலேஜ் பொண்ணு ஊதிச்சாம், பாய் ஓடுனாராம்னு. பேஜாரா போச்சு.”

ஒரு நாலு மீனாவது சாகட்டுமே என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியின் ஆரோக்கியத்தைப் பற்றி ஆய்வு செய்கிற பெண் நினைக்கக் கூடியதா இது? நினைத்தேன்.

மிஸ்டு கால்

தாழ்வு நிலை மனம் மாறிக் கரைக்கு வந்தது. மூன்று பகல் மாலைப்பொழுது மாதிரி கிடந்தன. நாலாம் நாள் விடியலில் காற்று இல்லை, மழையும் இல்லை. நானும் ஜெசியும் போனபோது கரை ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டது மாதிரி ஒரு வெள்ளை வரி. வலைக் கண்ணில் தப்பிய சின்ன கட்லாக்கள், ஜிலேபி மீன்கள், பெயர் தெரியாத பொடிகள். காற்றையே விழுங்கத் தெரிந்த விரால் மட்டும் நடுவில் கவலையில்லாமல் வளையம் போட்டுக்கொண்டிருந்தது.

பாய்க்குச் சொன்னேன். வண்டியை ஸ்டாண்ட் போடாமல் மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். வரி முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார்.

“அன்னிக்கு எடுக்கலனா, அல்லாமே இப்டிதானா?”

“ஆமா பாய்.”

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், என்ன பதில் சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“பத்து மாசமா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த நீ?” என்று கத்தினார். நாமக்கோழிகள் எல்லாம் எழும்பிவிட்டன. “நான் வூட்டுப் பொண்ணு மாதிரி நம்புனேன். பதினொண்ணு, பதினொண்ணுன்னு எனக்கு நல்லதாவே பொறுக்கிக் குட்த்தியே! ஒரே ஒரு நாளு காலைல வந்து பாத்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நான் குஞ்சே வுட்டிருக்க மாட்டேனே!”

தனபால் அண்ணன், சாவி, செய்முறை வகுப்பு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கிவிட்டேன். விடுங்க பாய் என்று சொன்னது நான்தான், சாவி இல்லை.

ஜெசி அதற்குள் எங்கிருந்தோ சாக்குகளைக் கொண்டுவந்திருந்தாள். மூவரும் கூடையால் அள்ளிக் கட்டினோம். செயலாளர் சார் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து, “என்ன பாய், மீனெல்லாம் எடுத்தாச்சுன்னீங்களே, இதென்ன ஸ்மெல்?” என்றார்.

“சார், மொதல்ல அந்த போர்ட கயட்டு. அப்பால பேசு.”

சார் என்னைப் பார்த்தார். நான் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அது பலகையின் சாவியை எடுத்துவரவா, கோபத்திலா என்று அப்போது தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தபோது பலகையில் ஊசிகள் மட்டும் இருந்தன.

எட்டுச் சாக்கு. கடைசிச் சாக்கைக் கட்டியபோது பாய்க்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“நாளைக்கும் காலைல வருவியா?”

“தனபால் அண்ணன் மலையிலேர்ந்து வர்ற வரைக்கும் தினமும் வருவேன். அவர் வந்தப்புறமும் சண்டை போட்டு வருவேன்.”

“அப்ப ஒண்ணு செய். நம்பர் கெட்டதா இருந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. நல்லதுனா குடுக்காத. எனக்கு வேணாம்.”

மறுநாள் விடியலில் தண்ணீர் எடுத்தேன். வெள்ளை. நோட்டில் ஐந்து ஐம்பது என்று நேரத்தை எழுதிவிட்டு, மிஸ்டு கால் கொடுத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

“இன்னாம்மா?”

“கெட்டது பாய்.”

“ஏம்மா, இப்ப அதுல என் மீனே இல்லியேம்மா!”

“ஏரி இருக்கே பாய்.”

பெருமூச்சு விடுவது கேட்டது. வைத்துவிட்டார்.

அதற்கு மறுநாளும் வெள்ளைதான். அன்றும் மிஸ்டு கால் கொடுத்தேன்.